மிளகு போடாத மிளகு வாசனை

கேள்வி: சென்ற கோடையில் வியன்னாவில் க்ரூனர் ஃபெல்ட்லீனர் என்ற வெள்ளை ஒயினைச் சுவைத்தோம். அதில் மிளகு வாசனை வருவதாக என் கணவர் சொன்னார். எனக்கோ எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும்தான் தெரிந்தன. ஒயினில் மிளகு சேர்க்கிறார்களா? எங்கள் இருவரில் யாருடைய மூக்கில் பழுது?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: மிளகு சேர்ப்பதில்லை, மூக்கிலும் பழுதில்லை. மிளகின் மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற சேர்மம் இந்தத் திராட்சையின் தோலிலும் இயற்கையாகவே உருவாகிறது. ஷிராஸ் திராட்சையில் இச்சேர்மம் இருப்பதை 2008-இல் அறிவித்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், சோதனைக்கு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, அதைத் தண்ணீரில் தாராளமாகக் கலந்து கொடுத்தபோதும், எந்த வாசனையும் தெரியவில்லை என்பதையும் கண்டார்கள். அந்த ஐந்தில் ஒருவராக நீங்கள் இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்த எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும் இந்த ஒயினின் மெய்யான குணங்களே.

குளிர்ச்சியான இடங்களில் நிதானமாகப் பழுக்கும் குலைகளில்தான் மிளகு மணம் தூக்கலாக இருக்கும். வியன்னாவுக்கு வடக்கே செக் நாட்டு எல்லைவரை விரிந்துள்ள வைன்ஃபியர்டெல் வட்டாரத்தில் அதற்கு 'ஃபெஃபர்ல்', அதாவது குட்டி மிளகு, என்று செல்லப்பெயரே உண்டு. ஆஸ்திரியாவில் ஊர்ப் பெயரோடு சட்டப் பாதுகாப்புப் பெற்ற முதல் ஒயின், 2002-ஆம் ஆண்டு அறுவடையில் தொடங்கிய இந்த வைன்ஃபியர்டெல் க்ரூனர்தான்.

கேள்வி: மிளகு மணம் உள்ளதால் காரமான உணவோடு இது நன்றாகப் பொருந்தும் அல்லவா?
(வாசகர், மதுரை)

பதில்: அப்படித் தோன்றுவது இயல்பு, ஆனால் மிளகில் நாக்கைச் சுடுவது பிப்பரின் என்ற வேறொரு பொருள், அது இந்த ஒயினில் இல்லை. மிளகாய்க் காரத்தோடு ஆல்கஹால் சேர்ந்தால் எரிச்சல் கூடுமேயன்றிக் குறையாது. ஆகவே காரமான உணவுக்கு ஆல்கஹால் 12 சதவீதத்தைத் தாண்டாத, நன்றாகக் குளிர்வித்த, எளிய க்ரூனரே நல்லது.

அதன் உண்மையான இடம் ஆஸ்திரியச் சாப்பாட்டு மேசை. கன்றிறைச்சியை மெலிதாகத் தட்டி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தெடுக்கும் வியன்னா ஷ்னிட்ஸலின் கொழுப்பை இதன் புளிப்பு ஒரே மிடறில் கழுவிவிடும். அஸ்பாரகஸ் தண்டு பெரும்பாலான ஒயின்களைக் கசக்கவோ உலோகச் சுவை தட்டவோ வைத்துவிடும். ஆனால் பச்சிலை வாடை கொண்ட க்ரூனர் அதற்கு அசையாது. வியன்னாவுக்குக் கிழக்கே மார்ஷ்ஃபெல்டில் விளையும் அஸ்பாரகஸ் ஏப்ரல் முதல் ஜூன் வரை சந்தைக்கு வரும். அந்தப் பருவத்தில் செல்பவர்கள் ஷ்னிட்ஸலை விட்டுவிட்டு அதையே கேட்டு வாங்கலாம் என்பது என் கட்சி.

கேள்வி: எனக்குப் பரிசாக வந்த க்ரூனர் புட்டியில் 'வாஹாவ்' என்றும் 'ஸ்மராக்ட்' என்றும் அச்சிட்டிருக்கிறது. அப்படியென்றால் என்ன?
(வாசகர், சிங்கப்பூர்)

பதில்: மெல்க் நகருக்கும் க்ரெம்ஸ் நகருக்கும் இடையில் டான்யூப் ஆறு குடைந்து செல்லும் பள்ளத்தாக்கே வாஹாவ். சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர்களால் செங்குத்தான சரிவுகளில் படிப்படியாகத் தோட்டம் அமைத்திருக்கிறார்கள். 2000-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மேலேயுள்ள பாறை நிலம் ரீஸ்லிங் திராட்சைக்கு; கீழே, காற்று கொண்டுவந்து குவித்த, ஈரம் காக்கும் வண்டல் பெரும்பாலும் க்ரூனருக்கு.

1983-இல் தொடங்கிய வினேயா வாஹாவ் என்ற உற்பத்தியாளர் சங்கம் தன் ஒயின்களை மூன்றாகப் பிரித்தது: மிக இலேசான ஷ்டைன்ஃபெடர், நடுத்தரமான ஃபெடர்ஷ்பீல், குறைந்தது 12.5 சதவீத ஆல்கஹாலோடு கனத்துவரும் ஸ்மராக்ட். கடைசிப் பெயர் அந்தக் கற்சுவர்களில் வெயில் காயும் மரகதப் பச்சைப் பல்லியிடமிருந்து வந்தது. நல்ல ஸ்மராக்ட் பத்து ஆண்டுகளுக்கு மேலும் தாங்கும் என்பதால் அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம். திறக்கும் நாளில் அதை உறையக் குளிர்விக்கவும் வேண்டாம், 10 முதல் 12 டிகிரி போதும்.

கேள்வி: க்ரூனர் ஃபெல்ட்லீனர் என்ற பெயருக்குப் பொருள் என்ன?
(வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: க்ரூன் என்றால் ஜெர்மன் மொழியில் பச்சை. ஃபெல்ட்லீனர் என்பது இத்தாலியின் வால்தெல்லினாப் பள்ளத்தாக்கைச் சுட்டினாலும், திராட்சைக்கும் அந்த ஊருக்கும் உறவில்லை. மரபணுச் சோதனையின்படி இதன் பெற்றோரில் ஒன்று ட்ரமீனர் என்ற திராட்சை வகை. மற்றொன்று, ஆஸ்திரியாவின் ஐசன்ஷ்டாட் நகரை அடுத்த ஸாங்க்ட் கியோர்கனில் 2000-இல் புதருக்குள் கண்டெடுத்த, பெயர்கூட இல்லாத ஒற்றை முதுகொடி.