மடோபோ குன்றுகள்: அரை நாள் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜூலையில் குடும்பத்தோடு ஜிம்பாப்வே செல்கிறோம். விக்டோரியா அருவியும் ஹ்வாங்கே வனமும் முடிவாகிவிட்டன. மடோபோவில் சிங்கமோ யானையோ கிடையாது, பக்கத்து நகரமான புலவாயோவிலிருந்து அரை நாளில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்கிறார் பயண முகவர். உங்கள் கருத்து என்ன?

ர.

அன்புள்ள ர.,

அரை நாள் போதாது. ஹ்வாங்கேயில் ஓர் இரவைக் குறைத்தாவது மடோபோவில் இரண்டு இரவு தங்குங்கள். விலங்குகளைப் பற்றி முகவர் சொன்னது பொய்யில்லை. யானைகளை ஹ்வாங்கேயில் கண் நிறையப் பார்ப்பீர்கள். ஆனால் மடோபோவை விலங்குக் கணக்கால் அளக்கக் கூடாது. அந்தக் கருங்கல் குன்றுகளோடு மனிதர்கள் கொண்ட நெடுங்கால உறவுக்காகத்தான் 2003இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் களமாக்கியது.

ஒரு காலையைக் காண்டாமிருகத்துக்கு ஒதுக்குங்கள். வழிகாட்டியோடு தடம் பார்த்து நடந்தே போகலாம். சிறுபிள்ளைகளை அனுமதிப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கொம்பு வெட்டப்பட்ட விலங்கைக் கண்டு அவர்கள் திகைப்பார்கள். கள்ள வேட்டையிலிருந்து காப்பாற்றவே வெட்டுகிறார்கள். சிறுத்தைகள் நிறைய உண்டு, கண்ணில் படுவதுதான் அரிது. அவற்றைத் தேடி அலையாமல் பாறைகளை அண்ணாந்து பாருங்கள். முயலளவு ஹைராக்ஸ்கள் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். உருவம் சிறிதென்றாலும் யானைக்கு நெருங்கிய உறவு! அவற்றை இரையாக நம்பித்தான் வெரோ கருங்கழுகுகள் இங்கே இத்தனை நெருக்கமாக வாழ்கின்றன.

அடுத்து ந்ஸ்வதுகி குகை. தென் ஆப்பிரிக்கப் பகுதியின் பழங்குடி வேட்டைச் சமூகமான சான் மக்களின் முன்னோர் செங்காவியால் தீட்டிய ஒட்டகச்சிவிங்கிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகும் தெளிவாக நிற்கின்றன. அன்றே பொமொங்வே குகைக்கும் போங்கள். பாதுகாக்கும் எண்ணத்தோடு பூசிய எண்ணெயால் அங்கே ஓவியங்கள் கறையேறிக் கெட்டுவிட்டன. இரண்டையும் பார்த்தவர் ஓவியத்தில் கை வைக்க மாட்டார்.

மாலையில் எல்லோரையும், இந்த நாட்டைப் பிரிட்டிஷ் ஆளுகைக்குள் கொண்டுவந்த செசில் ரோட்ஸின் கல்லறைக்கு அழைத்துப் போவார்கள். ஊர்மக்கள் முன்னோர் ஆவிகளின் இடமாக வணங்கிய மலிந்திட்ஸிமு குன்றின் உச்சியைத் தனக்கென்று கேட்டு, 1902இல் அங்கே புதைக்கப்பட்டவர் அவர். எனக்கு அது இன்றும் அத்துமீறலாகவே படுகிறது. அங்கிருந்து தெரியும் காட்சி அபாரம், பாருங்கள். ரோட்ஸுக்கு முந்தைய கதையையும் வழிகாட்டியிடம் கேளுங்கள். ங்ஜெலெலேயை மட்டும் விட்டுவிடுங்கள். மழை வேண்டி மக்கள் இன்றும் வழிபடும் புனிதத் தலம் அது.

ஜூலை இரவுகளில் குளிர் கடுமை. கம்பளி ஆடையும் பாறையில் வழுக்காத காலணியும் எடுத்துக்கொள்ளுங்கள். முகவரிடம் இப்போதே பேசி இரவுகளை மாற்றிவிடுங்கள்.