பச்சைத் தண்ணீரில் மயில்துத்தம் போடலாமா?

கேள்வி: எங்கள் மீன் குளத்துத் தண்ணீர் இரண்டு மாதமாகக் கரும்பச்சை. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. மதியம் எடுத்த தண்ணீரைச் சோதித்த ஆய்வகம், ‘ஆக்சிஜன் லிட்டருக்கு 11 மில்லிகிராம், குறையில்லை’ என்கிறது. மருந்து விற்பவரோ மயில்துத்தம் போட்டால் இரண்டே நாளில் தெளிந்துவிடும் என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். தெளியும் என்று அவர் சொன்னது பொய்யில்லை. தெளிந்த தண்ணீரில் மீன் செத்து மிதக்கலாம் என்பதைத்தான் சொல்லாமல் விட்டார்.

பச்சைக்குக் காரணம் நுண்ணிய மிதவைப் பாசி. வெயிலில் அது ஆக்சிஜனை விடுகிறது. இருட்டிவிட்டால் மீனைப்போல அதுவும் சுவாசிக்கிறது. பாசி மிஞ்சிப்போனால், பொழுது விடிவதற்குச் சற்று முன் ஆக்சிஜன் அடியோடு இறங்கும். உங்கள் 11 மில்லிகிராமே அதற்குச் சாட்சி. 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் காற்றிலிருந்து ஏற்றுக்கொள்வது ஏழரைதான். மிச்சம் பாசி பகலில் விட்டது. இதைப் பார்த்துவிட்டு ‘குறையில்லை’ என்று எப்படித்தான் கையெழுத்துப் போடுகிறார்களோ! மீன் திணறுவது ஐந்து மணிக்கு, ஆய்வகம் திறப்பது பத்து மணிக்கு. சாம்பிள் எடுத்த நேரத்தை எழுத, நான் பார்த்த பல படிவங்களில் கட்டமே இல்லை.

மயில்துத்தம் பாசியை ஒரேயடியாகக் கொல்லும். செத்தது அழுகும்போது மிச்ச ஆக்சிஜனும் போய்விடும். பாசியைத் தின்னும் நீர்த்தெள்ளு என்ற சின்னஞ்சிறு உயிரும் சாகும். மயில்துத்தத்தில் இருக்கும் செம்பு வண்டலில் தங்கிவிடும். அடித்தண்ணீரில் ஆக்சிஜன் அற்றுப்போனால், பாசிக்கு உரமான பாஸ்பரஸ், சேற்றில் இரும்போடு ஒட்டிக்கிடந்தது, கரைந்து மேலே வரும். குளம் மறுபடி பச்சையாகும். விற்றவர் இன்னொரு மூட்டையோடு வருவார்.

பாஸ்பரஸ்தான் விஷயம். கனடாவில் 226 என்று எண்ணிட்ட ஏரியின் குறுக்கே 1973-ல் திரை கட்டி, இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும், ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம்தான் பச்சையாயிற்று. உங்கள் குளத்தில் அது தீவனமாகவும் சாணமாகவும் இறங்குகிறது. இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை நள்ளிரவிலிருந்து வெயில் ஏறும்வரை ஓட்டுங்கள், சேறு கலங்காமல். பிறகு ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். ஒரு சாணுக்குள் மறைந்தால் ஆபத்து நீங்கவில்லை. ஒன்றரைச் சாண் தெரிந்தால் மூச்சுவிடலாம்.

ஒன்றை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும்: நீலப்பச்சைப் பாசி. கரையோரம் பெயிண்டைக் கொட்டியதுபோல ஏடு படிந்திருக்கிறதா? கண்ணாடிப் பாட்டிலில் முக்கால்வாசி மொண்டு, அசைக்காமல் ஓர் இரவு நிழலில் வையுங்கள். பச்சை மேலே திரண்டு, கீழே தெளிந்தால் பெரும்பாலும் அதுதான். பாட்டிலை மொள்ளும்போதே கையுறை போடுங்கள். இந்தப் பாசியில் சில வகை ஈரலைக் கெடுக்கும் நஞ்சை வைத்திருக்கும். எல்லாம் அல்ல, ஆனால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. துத்தம் போட்டால் செல் உடைந்து அந்த நஞ்சு முழுவதும் தண்ணீரில் கலக்கும். காய்ச்சினாலும் போகாது. குடிநீரில் இந்த நஞ்சுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எனவே ஏடு கண்டால் மாட்டை இறக்காதீர்கள், மீனைப் பிடித்து விற்காதீர்கள். சாம்பிளை வெளிச்சம் படாத பாட்டிலில் பனிக்கட்டியோடு அனுப்பி, பாசியின் வகையையும் நஞ்சையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்களாகக் கேட்டால் ஒழியப் பார்க்க மாட்டார்கள்.