இரவில் வேன் அனுப்புகிறோம் என்பவர்களிடம் கணவரை ஒப்படைக்காதீர்கள்

கேள்வி: எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். என் கணவருக்கு 44 வயது, கொத்தனார். பதினெட்டு வருடமாகக் குடிக்கிறார். இப்போதெல்லாம் விடிந்ததும் குவார்ட்டர் இல்லாமல் வேலைக்குப் போக முடிவதில்லை. என் தம்பி ஒரு சென்டரில் பேசியிருக்கிறான். ஆறு மாதம், ஒரு லட்சம் ரூபாய். ராத்திரியில் ஆள் அனுப்பித் தூக்கிக்கொண்டு போவார்களாம். மூன்று மாதம் நாங்கள் போய்ப் பார்க்கக் கூடாதாம். பத்தாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டோம். மாமியார், கோயிலில் கயிறு கட்டினால் போதும் என்கிறார். எது சரி டாக்டர்? பிளஸ் ஒன் படிக்கும் மகனை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் அந்த வேன் வரக் கூடாது. தம்பியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

'விடிந்ததும் குவார்ட்டர்' என்று எழுதியிருக்கிறீர்களே, ஒரு மனநல மருத்துவருக்கு அதுவே பாதி விவரம். அந்த நேரத்தில் அவர் ஆசைக்குக் குடிக்கவில்லை. கை நடுக்கத்தை நிறுத்தத்தான் குடிக்கிறார். நாளை காலை அவர் குடிக்கும் முன்பு இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு செய்தித்தாளை வைத்துப் பாருங்கள். தாள் சலசலவென்று ஆடினால், உடம்பு சாராயத்துக்கு அடிமையாகிவிட்டது என்று அர்த்தம். சாராயம் மூளையை அமுக்கி வைக்கிறது. மூளையும் வருடக்கணக்கில் எதிர்த்து இழுத்துப் பழகிவிடுகிறது. பாரவண்டி இழுத்த மாட்டுக்குத் திடீரென்று கயிறு அறுந்தால் எப்படித் தறிகெட்டு ஓடுமோ, குடியைச் சட்டென்று நிறுத்தினால் மூளையும் அப்படித்தான் ஓடும். சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் புத்தி தடுமாறலாம்.

அது எப்படி இருக்கும் என்று நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் கணவரைப் போலவே ஒரு கொத்தனார். குடியை நிறுத்தி மூன்றாம் நாள் இரவு கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, கையில் இல்லாத கரணையால் எதிரில் இல்லாத சுவருக்குப் பூச்சு பூசிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தி, "ரசமட்டத்தை எங்கே வைத்தாய்?" என்று மனைவியை அதட்டினார். உடம்பு அனலாய்க் கொதித்தது. பேய் பிடித்துவிட்டது என்று அந்த அம்மா அழுதார். அது பேய் இல்லை. மருந்தில்லாமல் விட்டால் உயிர் போகக்கூடிய ஒரு நோய்நிலை. சரியான மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்ததில் நான்காம் நாள் தெளிந்து, இட்லி கேட்டார்.

இப்போது அந்த மூன்றாம் நாள், மருத்துவர் இல்லாத ஒரு பூட்டிய அறையில் வந்தால் என்ன ஆகும்? அந்த வேன் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் அப்படிப்பட்ட இடம்தான்.

இந்த ஏஜென்ட் வியாபாரத்தை ஆண்டுக்கணக்காகப் பார்த்து நொந்துபோனவன் நான். ஆஸ்பத்திரி வாசலிலும் டீக்கடையிலும் ஆள் பிடிப்பார்கள். 'நூற்றுக்கு நூறு கேரண்டி' என்பார்கள். குடிநோய்க்கு அப்படிக் கேரண்டி தரும் மருத்துவர் உலகத்தில் யாரும் இல்லை. ஆளைச் சேர்த்துவிட்டால் ஏஜென்டுக்குக் கமிஷன். அதற்குப் பிறகு அவர் போனை எடுக்க மாட்டார். ஓர் இல்லத்திலிருந்து என்னிடம் வந்த ஒருவருக்கு மணிக்கட்டில் கயிறு அறுத்த தழும்பு இருந்தது, தலையை மொட்டையடித்திருந்தார்கள். ஆறு மாதம் கழித்து வெளியே வந்தவர் அன்றைக்கே குடித்தார். உள்ளே இருந்த நாட்களில் அவருக்கு ஒரு மாத்திரையும் கொடுக்கவில்லை, ஒருவரும் உட்கார்ந்து பேசவும் இல்லை.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியாலும் போதையாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய்க்குள்தான் சேர்க்கிறது. அதனால் இந்த இல்லங்கள் பதிவு செய்தே நடத்தப்பட வேண்டும். சங்கிலி போடக் கூடாது, கட்டாய மொட்டை கூடாது. வீட்டாரைப் பார்க்கவும் போனில் பேசவும் நோயாளிக்கு உரிமை உண்டு. 'மூன்று மாதம் பார்க்கக் கூடாது' என்று சொன்னார்கள் அல்லவா, உங்களுக்கு அந்த ஒரு வரியே போதும். ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஓர் இல்லத்தில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியலில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் இருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். அதற்குப் பிறகும் கட்டிப்போடுவதைச் சிகிச்சை என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள், பெற்றவர்களும் மனைவிமாரும் நகையை அடகு வைத்துக் கொடுக்கிறார்கள். பதிவு பெற்ற இல்லங்களின் பட்டியலை ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரி வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதி மாட்ட எத்தனை ரூபாய் ஆகும்? இதை எத்தனை கூட்டங்களில் கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

சரி, 'அவர் வர மாட்டேன் என்கிறாரே, பிறகு தூக்காமல் என்ன செய்வது?' என்று கேட்பீர்கள். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சம்மதம் இல்லாமல் சேர்க்கச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. ஏஜென்ட் இதைத்தான் அரைகுறையாகச் சொல்லி உங்களை நம்ப வைப்பார். அந்த வழி எல்லாக் குடிநோயாளிக்கும் திறக்காது. தன் உயிருக்கு ஆபத்து உண்டாக்கிக்கொள்ளப் பார்த்தாலோ, அடுத்தவரை அடித்தாலோ மிரட்டினாலோ, தன்னைக் கவனிக்கவே முடியாத ஆபத்தான நிலைக்குப் போனாலோதான் திறக்கும். அப்போதும் குடும்பத்தில் பொறுப்பான ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு பேர் அவரைத் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். அதில் ஒருவர் கட்டாயம் மனநல மருத்துவர். இன்னொருவர் வேறு மருத்துவராகவோ மனநலப் பயிற்சி பெற்றவராகவோ இருக்கலாம். அந்தப் பரிசோதனை சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ நடந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டாலும் 30 நாள் வரைதான். அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் மறுபடி பரிசோதனை, இந்தச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்தின் ஒப்புதல். ஆக, மருத்துவர் முகத்தையே பார்க்காமல் உங்கள் தம்பியின் ஒரு கையெழுத்தை வைத்துக்கொண்டு ஆறு மாதம் அடைப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வலிப்பு வந்தாலோ, நான் சொன்ன கொத்தனார் போலத் தடுமாறிப் பேசினாலோ, இந்த விண்ணப்பம் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

பெரும்பாலானவர்களைத் தூக்க வேண்டிய தேவையே வருவதில்லை. 'குடியை நிறுத்த வா' என்றால் வர மாட்டார்கள். 'கை நடுக்கத்துக்கும் வயிற்றெரிச்சலுக்கும் காட்டலாம், வாங்க' என்றால் வருவார்கள். காலையில், போதை தெளிந்து நடுக்கம் இருக்கும் நேரத்தில் கேளுங்கள். ராத்திரி சண்டையில் கேட்காதீர்கள்.

கயிறு பற்றி. மாமியார் மேல் கோபப்படாதீர்கள். கயிறு கட்டிவிட்டு வருடக்கணக்கில் தொடாதவர்களை எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் கணவர் அளவுக்குக் குடிப்பவர் கயிறு கட்டிய அன்றே நிறுத்தினால் மூன்றாம் நாள் ஆபத்து. கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டு, அதே வாரம் வலிப்போடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறோம். மருத்துவமனையில் முதலில் உடம்பைத் தெளிய வைப்போம். அங்கிருந்து நேரே கோயிலுக்குப் போய்க் கட்டிக்கொள்ளட்டும். அதுவரை நீங்களாக அவரைத் திடீரென்று நிறுத்த வைக்க வேண்டாம்.

இன்னும் இரண்டு பொறிகள். ஒன்று, தெரியாமல் சாம்பாரில் கலக்கச் சொல்லி விற்கும் பொடி. அதில் டைசல்பிராம் என்ற மருந்து கலந்திருக்கலாம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். சம்மதத்தோடு, பரிசோதித்துவிட்டு நாங்கள் கொடுக்கிற மருந்து அது. திருட்டுத்தனமாகக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. இன்னொன்று, நடுக்கம் கண்டதும் தெருமுனைக் கிளினிக்கில் 'ரெண்டு பாட்டில் குளுக்கோஸ்' ஏற்றுவது. குடிநோயாளிக்கு பி1 வைட்டமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு ஞாபகமே போய்விடலாம்.

எங்கே போவது? மதுரைப் பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனை. அங்கே மனநலப் பிரிவில் காட்டுங்கள். சிகிச்சை இலவசம். ஏழு முதல் பத்து நாள் உள்நோயாளியாக இருந்தால் ஆபத்தான கட்டம் தாண்டிவிடும். அவ்வளவு தூரம் முதலிலேயே வர முடியாவிட்டால் உசிலம்பட்டி அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்த நாளில் வருகிறார் என்று கேளுங்கள். 2025-இல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது. மத்திய அரசின் நிதியுதவியோடு நடக்கும் இலவச இல்லங்களும் உண்டு. அவற்றில் பக்கத்தில் எது இருக்கிறது என்று 14446-இல் கேட்கலாம், கட்டணம் கிடையாது. மனநல உதவி எண்ணான 14416-இல் ராத்திரியிலும் தமிழில் பேசுவார்கள். நீங்கள் மட்டும் அழுது தீர்க்க வேண்டும் என்றாலும் அந்த எண்ணுக்குப் பேசலாம்.

வரும்போது நேரத்தைக் கவனித்து வாருங்கள். அரசு மருத்துவமனைகளில் ஓ.பி. பெரும்பாலும் மதியம் 12 மணியோடு முடிகிறது. டாஸ்மாக் கடை 12 மணிக்குத் திறக்கிறது. கடை 12 மணிக்குத்தான் திறக்கும் என்றால், உங்கள் கணவருக்கு விடியற்காலையில் யார் கொடுக்கிறார்கள்? கூடுதல் விலைக்கு எங்கே கிடைக்கிறது என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 10581 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். 2024-25-இல் மது விற்பனையால் அரசுக்கு வந்த வருவாய் 48 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட நாடு தழுவிய கணக்கெடுப்போ, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருப்பதாகச் சொன்னது. உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேரில் ஒருவர். மிச்சப் பேர் எங்கே போகிறார்கள்? பலர் வேன் வைத்திருப்பவர்களிடம்தான் மாட்டுகிறார்கள்.

மகனைப் பற்றி. நம் பக்கத்துப் பையன்களிடம் இப்போது நாங்கள் அதிகம் கேள்விப்படுவது சாராயத்தை விட உதட்டுக்குள் வைக்கும் கூல் லிப் என்ற புகையிலைப் பை, கஞ்சா, பிறகு டாபென்டடால் என்ற வலி மாத்திரை. கூல் லிப் பள்ளிப் பிள்ளைகளைப் பிடித்திருப்பதைப் பற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே 2024-இல் கவலைப்பட்டுக் கேள்வி எழுப்பியது. மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்கிற பையன்களுக்கு மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் வரக்கூடும். முழங்கை மடிப்பைப் பாருங்கள். உதட்டின் உட்பக்கத்தைப் பாருங்கள். திட்டாமல் கேளுங்கள். அவன் இதில் எதையும் தொடாமலும் இருக்கலாம். அப்பா குடிப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருப்பான், அதைப் பற்றி யாராவது அவனிடம் பேச வேண்டும். அப்பாவைப் பார்க்க வரும் நாளில் அவனையும் ஒரு நாள் கூட்டி வாருங்கள்.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆசையைக் குறைக்கும் மாத்திரை மாதக்கணக்கில் போக வேண்டும், மாதம் ஒருமுறை காட்ட வேண்டும். ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை, குடித்து நிறுத்தியவர்களே நடத்துகிறார்கள். நடுவில் ஒருநாள் குடித்துவிட்டால், 'போச்சு, இனி திருந்த மாட்டார்' என்று விட்டுவிடாமல் அடுத்த நாளே கூட்டி வாருங்கள். சர்க்கரை ஏறினால் மருத்துவரிடம் திரும்பப் போகிறோம் அல்லவா, அப்படி.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முன்பே வந்து சீட்டு போடுங்கள். ஆதார் நகல், பழைய மருந்துச் சீட்டுகள், இரண்டு லுங்கி, ஒரு துண்டு, தட்டு, டம்ளர். கூட இருக்க ஓர் ஆள் வேண்டும், தம்பியை வரச் சொல்லுங்கள். கொடுத்த பத்தாயிரத்தைத் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். தர மாட்டார்கள். போனால் போகட்டும், ஏஜென்டிடம் வீட்டு முகவரியை மட்டும் சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே சொல்லியிருந்தால், ஆள் வரும் ராத்திரி கதவைத் திறக்காதீர்கள்.