வளைவில் சாயும் கார் சீட்

கேள்வி: என் தம்பி துபாயிலிருந்து குழந்தைக்குக் கார் சீட் கொண்டுவந்தான். நானே பெல்ட் போட்டு மாட்டினேன். வளைவில் சாய்கிறது. சீட் மட்டமா? யாரிடம் காட்டிச் சரிபார்ப்பது? (கீழக்கரை)

பதில்: சீட்டைத் திட்டாதீர்கள் அம்மா, மாட்டியதில்தான் கோளாறு இருக்கும். காரின் பின்சீட்டில் சாய்மானமும் உட்காரும் பகுதியும் சேரும் இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்பட்டால் அதுதான் ஐசோஃபிக்ஸ், பெல்ட் இல்லாமலே குழந்தை சீட்டைக் காரோடு பூட்டும் ஏற்பாடு. சீட்டிலும் அதற்குரிய கொக்கிகள் இருந்தால் 'கிளிக்' என்று விழும்வரை தள்ளுங்கள். சீட்டின் தலைப்பக்கத்தைக் காரோடு கட்டும் மேல் பட்டையோ, கார் தரையில் ஊன்றும் தாங்கு காலோ இருந்தால் அதையும் மாட்டியாக வேண்டும்.

வளையம் இல்லையா? சீட்டில் முழங்காலை ஊன்றி, உடம்புக் கனத்தைப் போட்டு பெல்ட்டை இறுக்குங்கள். நம் கார் பெல்ட் மெதுவாக இழுத்தால் வந்துகொண்டே இருக்கும், சடாரென்று இழுத்தால்தான் பூட்டிக்கொள்ளும். அதனால் சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு கிளிப் இருந்தால் மூட மறக்காதீர்கள். பெல்ட் போகும் வழியைச் சீட்டில் நிறத்தால் காட்டியிருப்பார்கள்: பின்பார்த்து (குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் இருக்கும்படி) வைக்க நீலம், முன்பார்த்து வைக்கச் சிவப்பு. அந்த இடத்தைப் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. குழந்தையை உட்காரவைத்த பிறகு தோள்பட்டையருகே வாரைக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் வந்தால் இன்னும் இறுக்க வேண்டும்.

யாரிடம் காட்டுவது என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. ஏசி வாங்கினால் வீட்டுக்கே ஆள் வந்து மாட்டித் தருகிறார். பிள்ளையின் உயிரைக் காக்கும் சாமானை மட்டும் அட்டைப்பெட்டியோடு டிக்கியில் ஏற்றிவிட்டு, "யூனிவர்சல் சார், எல்லாக் காருக்கும் செட் ஆகும்" என்று கல்லாவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். இங்கே கடையில் வாங்குபவர்கள் காரை வாசலில் நிறுத்தி, மாட்டிக் காட்டிய பிறகு பணம் கொடுங்கள். முடியாது என்றால் அடுத்த கடை. உங்களுக்கு அந்த வழி இல்லை. கையேட்டுப் படத்தோடு ஒப்பிட்டு, இன்னொருவரையும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பாம்பன் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம்தானே, குழந்தையை முன்சீட்டில் மடியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் மாமியார். (மண்டபம்)

பதில்: கூடாது.

கேள்வி: ஆன்லைனில் 3,400 ரூபாய்க்கு வாங்கினேன். விளம்பரத்தில் பாதுகாப்புச் சான்று உண்டு என்றிருந்தது, வந்த சீட்டில் முத்திரையே இல்லை. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க மாட்டார்களாம். (தங்கச்சிமடம்)

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. பிரிக்காமல் முத்திரையை எப்படித் தேடுவதாம்? விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளே சொல்கின்றன. விளம்பரம், பில், சீட்டின் நான்கு பக்கம் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. விடாதீர்கள். அதுவரை அந்தச் சீட்டில் பிள்ளையை உட்காரவைக்க வேண்டாம்.

கேள்வி: பழைய சீட் பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா? (உச்சிப்புளி)

பதில்: பேத்திக்காக நானும் ஒன்று வாங்கினேன், 2,000 ரூபாய். "சும்மாவே கிடந்தது" என்றார் விற்றவர். வீட்டில் உறையைக் கழற்றினால் பிளாஸ்டிக்கில் விரிசல். தயாரிப்புத் தேதி இருந்த இடத்தை யாரோ சுரண்டியிருந்தார்கள். இப்போது மொட்டை மாடியில் அதில் பூனை குட்டி போட்டிருக்கிறது. விபத்தைப் பார்த்த சீட் வெளியே பளபளவென்றுதான் இருக்கும். விற்பவர் சொந்தத் தங்கையாக இருந்தால் யோசிக்கலாம்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தை அழுகிறான் என்று சீட்டை முன்பார்த்துத் திருப்பிவிட்டேன். சரிதானே? (ராமநாதபுரம்)

பதில்: திருப்பிய பிறகா கேட்பது? பிள்ளைக்குத் தலை கனம், கழுத்து பிஞ்சு. புதிய ஐரோப்பிய விதி 15 மாதம்வரை பின்பார்த்துத்தான் என்கிறது. இன்றைக்கே பழையபடி மாற்றுங்கள். அழுதால் அழட்டும்.

கேள்வி: தனுஷ்கோடி போய் வந்ததிலிருந்து பக்கிள் சிக்குகிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா? (தேவிபட்டினம்)

பதில்: எண்ணெய் விட்டால் மணல் இன்னும் ஒட்டும். கையேடு அனுமதித்தால் பக்கிளைக் கழற்றி, வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, நிழலில் காயவையுங்கள். அப்புறமும் 'கிளிக்' கேட்கவில்லை என்றால் பக்கிளை மாற்றுங்கள்.