அழித்த வீடியோக்கள் (வாசகர் கடிதம்)

வணக்கம் அக்கா,

எனக்கு வயது 38. யாழ்ப்பாணம்தான். சின்ன வயதில் பங்குக் கோயில் பாடகர் குழுவில் கிற்றார் பழகினேன். கலியாணம், பிள்ளைகள், பள்ளிக்கூட வேலை என்று 15 வருடம் தொடவே இல்லை. 2020 ஊரடங்கில் திரும்ப எடுத்தேன். இப்போது பிள்ளைகள் படுத்த பிறகு, இரவு ஒன்பது மணிக்கு மேல், ஹோலில் இருந்து வாசித்து போனில் வீடியோ எடுக்கிறேன். உடனே பார்ப்பேன், உடனே அழிப்பேன். இதுவரை ஒன்றைக்கூட வைத்திருக்கவில்லை.

தனியே வாசிக்கும்போது ஒழுங்காக வருகிற பாட்டு, போன் ஓடத் தொடங்கினால் பிழைக்கிறது. விரல் மரத்துப்போகிறது. சத்தம் தகர டப்பாவுக்குள் இருந்து வருகிற மாதிரிக் கேட்கிறது. வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. கம்பிகள் பாம்பு மாதிரி நெளிகின்றன. கிற்றாரில் ஏதும் பழுதா? நல்ல மைக் ஒன்று வாங்கித் தருகிறேன் என்று இவர் சொல்கிறார். வாங்கலாமா? முகம் தெரிய எடுக்க எனக்கு விருப்பமில்லை, அதைப் பற்றியும் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கிற்றாரில் பழுது ஒன்றும் இல்லை, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். போன் கமரா ஒரு படத்தை ஒரேயடியாக எடுப்பதில்லை. வரிவரியாக வாசித்துக்கொண்டு போகிறது. உங்கள் தடித்த கம்பி செக்கனுக்கு 82 தரம் ஆடுகிறது, கீழே உள்ள மெல்லிய கம்பி 330 தரம். கமரா ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்கு வருவதற்குள் கம்பி கொஞ்சம் நகர்ந்துவிடும். ஒவ்வொரு வரியிலும் வேறு வேறு இடத்தில் நிற்கிற கம்பியைச் சேர்த்துப் பார்த்தால் அது பாம்பாகத்தான் தெரியும். வெளிச்சம் கூடினால் நெளிவும் கூர்மையாகத் தெரியும். எனக்கு அது பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது.

பட்டைகளுக்குக் காரணம் பல்ப். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் மலிவான எல்ஈடி பல்ப் செக்கனுக்கு 100 தரம் மங்கி மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். போனில் புரோ மோட் (கமராவை நாமே திருத்தி வைக்கிற முறை) இருந்தால் ஷட்டரை, அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சம் எடுக்கிற நேரத்தை, 1/50 அல்லது 1/100 செக்கன் என்று வையுங்கள். இல்லாவிட்டால் பல்ப்பை மாற்றிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்து எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

மைக் இப்போது வேண்டாம். ஆசையோடு சொல்கிறவரின் மனம் நோகாமல் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். உங்கள் சத்தம் தகரமாக வருவதற்குப் பெரிய காரணம் ஹோல்தான் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்து ஹோல்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்: சீமெந்துத் தரை, பூசின சுவர், மேலே ஓடு, நடுவில் நாலு கதிரை. அதற்குள் நின்று ஒரு தரம் கைதட்டிப் பாருங்கள். தட்டின பிறகும் ஒரு 'ட்ரங்' மிச்சம் நிற்கும். எவ்வளவு விலை மைக் வைத்தாலும் அந்த 'ட்ரங்' கூடவே வரும். படுக்கை அறைக்குப் போய் அதே கைதட்டைத் தட்டுங்கள். மெத்தை, தலையணை, ஜன்னல் சீலை எல்லாம் அதைக் குடித்துவிடும். சேலை அலுமாரி இருந்தால் அதன் கதவைத் திறந்துவிட்டு, அதைப் பார்த்தபடி இருந்து வாசியுங்கள். மடித்து அடுக்கின சேலைகளை விட நல்ல ஒலி அறைச் சுவர் நம் வீடுகளில் கிடைக்காது. ஓலைப்பாயைத் தொங்கவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். மெல்லிசான பாய் அவ்வளவாக உதவாது, தடித்த போர்வைதான் வேலை செய்யும். பிள்ளைகள் அந்த அறையில்தான் படுக்கிறார்கள் என்றால் ஞாயிறு பகல்தான் வழி.

அடுத்தது தூரம். முழு ஆளும் படத்துக்குள் வர வேண்டுமென்றால் போன் ஐந்தாறு அடி தள்ளி நிற்க வேண்டும். நல்ல சத்தம் வேண்டுமென்றால் ஒன்றரை அடிக்குள் நிற்க வேண்டும். ஒரு போனால் இரண்டையும் செய்ய முடியாது. தள்ளி வைக்க வைக்க கிற்றாரின் சத்தம் மெலிந்து, அறையின் சத்தம் மேலே வரும். அப்போது போன் தானாகவே ஒலியைக் கூட்டும், கூட்டினால் ஃபான் இரைச்சலும் பல்லி சொல்வதும் முன்னுக்கு வந்துவிடும். போனில் உள்ள மைக் பேச்சுக்காகச் செய்தது. மெல்லிய சத்தத்தைத் தூக்கும், பெரிய சத்தத்தை அமுக்கும். வட்ஸ்அப் அழைப்பில் வெளிநாட்டு உறவுகளுக்கு வாசித்துக் காட்டியிருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். நீண்டு நிற்கிற நாதத்தை இரைச்சல் என்று நினைத்து அது வெட்டி வெட்டி விடும்.

அதனால் இரண்டு போன். உங்கள் வீட்டிலும் லாச்சிக்குள் ஒரு பழைய போன் கிடக்கும். திரை வெடித்திருந்தாலும் பரவாயில்லை, ஒலிப்பதிவு செய்தால் போதும். அதைப் புத்தகங்களை அடுக்கி அதன் மேல், 12ஆவது பிரெற்றை (கிற்றார்க் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிக்கோடுகளில் பன்னிரண்டாவதை) பார்க்கிற மாதிரி, ஓர் அடி தள்ளி வையுங்கள். கம்பியின் நீளம் மேலிருந்து கீழே ஏறக்குறைய 65 சென்ரிமீற்றர் இருக்கும், அதன் சரி பாதி அந்த 12ஆவது பிரெற். கிற்றாரின் நடு ஓட்டைக்கு நேரே மட்டும் வைக்காதீர்கள். அங்கே அடித்தொனி எல்லாம் திரண்டு 'கும் கும்' என்று வரும். மற்றப் போன் தள்ளி நின்று படம் எடுக்கட்டும். இரண்டையும் ஓடவிட்டு, வாசிக்க முன் ஒரே ஒரு கைதட்டு. பிறகு இலவச எடிட்டிங் செயலி ஏதாவது ஒன்றில் இரண்டையும் போட்டால், ஒலிக்கோட்டில் கைதட்டின இடம் ஊசி மாதிரி எழும்பி நிற்கும். அதையும், படத்தில் இரண்டு கையும் சேர்கிற இடத்தையும் பொருத்தினால் சரி. முதல் நாள் அரை மணித்தியாலம் மினக்கெட வேண்டி வரும், பிறகு இரண்டு நிமிட வேலை.

ஃபானை நிப்பாட்டுங்கள். சித்திரை, வைகாசியில் இது பெரிய சோதனைதான். நான் ஒரு பாட்டுக்கு நிப்பாட்டி, பிறகு போட்டு, வியர்வை ஆற விட்டு, திரும்ப நிப்பாட்டுவேன். சோளகக் காற்றுப் பிடித்துவிட்டால் பின்வளவுப் பனைகள் சரசரப்பதை நிப்பாட்ட யாராலும் முடியாது. நல்லூர்த் திருவிழா நடக்கிற 25 நாளும் கோயிலுக்குக் கிட்ட இருக்கிறவர்கள் ஒலிப்பதிவை மறந்துவிடலாம். பாண் ஓட்டோ பின்னேரம் எங்கள் ஒழுங்கைக்குள் வருகிற நேரமும் எனக்கு மனப்பாடம். இன்னொன்று, உப்புக் காற்று கம்பியைக் கெதியாகக் கறளாக்கும். வாசித்து முடித்ததும் பழைய சாரத் துண்டால் ஒவ்வொரு கம்பியையும் துடையுங்கள். கறள் பிடித்த கம்பிக்கு எந்த மைக்காலும் உயிர் கொடுக்க முடியாது.

இனி விரல் மரத்துப்போவதற்கு வருவோம். இதைத்தான் நான் இரண்டு தரம் வாசித்தேன்.

நீங்கள் ஒரு பாட்டுக்கு ஒரு வீடியோ எடுக்கிறீர்கள். பொத்தானை அழுத்தின நேரத்திலிருந்து அந்த மூன்று நிமிடமும் பரீட்சை ஆகிவிடுகிறது. அப்படி எடுக்காதீர்கள். கிற்றாரைச் சுருதி சேர்க்கத் தொடங்கும்போதே போனை ஓடவிடுங்கள். 40 நிமிடம் ஓடட்டும். சுருதி சேர்ப்பது, தண்ணீர் குடிப்பது, பாட்டின் அதே சின்னத் துண்டைத் திரும்பத் திரும்பப் பழகுவது, மகள் எழும்பி வந்து அம்மா என்று கூப்பிடுவது, எல்லாம் பதியட்டும். வீடியோத் தரத்தை 720 என்று குறைத்து எடுத்தால் கோப்பு சின்னதாக இருக்கும், இடம் கிடைக்கும். பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு போன் இருப்பது மறந்துவிடும். மறந்த பிறகு வாசித்ததுதான் உங்கள் வாசிப்பு.

அன்று இரவே பார்க்க வேண்டாம். வாசித்த களைப்பும் பிழைவிட்ட வெட்கமும் சேர்ந்து இருக்கிற நேரத்தில் யாருக்கும் நியாயமான கண் இருக்காது. அடுத்த நாள் பாருங்கள். முதலில் சத்தத்தை அடைத்துவிட்டுப் படத்தை மட்டும். அப்புறம் போனைக் கவிழ்த்துவைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும்.

நான் முதன்முதல் அப்படிச் சத்தமில்லாமல் பார்த்த நாளைச் சொல்கிறேன். சீ என்கிற பிடியைப் பிடித்தேன், ஏ மைனர் பிடித்தேன், கை லேசாகப் போனது. எஃப் வரப்போகிறது. ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் ஒருசேர அழுத்த வேண்டிய பிடி. விரல் அசைய முதலே என் இடது தோள் மெல்ல மேலே ஏறி காதுக்குக் கிட்டப் போய் நின்றது. எஃப் முடிந்ததும் இறங்கியது. அடுத்த எஃப்புக்கு முன் திரும்பவும் ஏறியது. அந்தப் பாட்டில் 14 எஃப், 14 தரமும் ஏறியது. இருபது வருடத்துக்கு மேலாக எனக்குக் கழுத்து நோவு. எண்ணெய் பூசியிருக்கிறேன், தலையணை மாற்றியிருக்கிறேன். நான் தோளைத் தூக்குகிறேன் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. பிறகு சத்தத்தை மட்டும் கேட்டேன். ஒவ்வொரு எஃப்புக்கு முன்னும் தாளம் ஒரு மயிரிழை தயங்கியது. வாசிக்கும்போது அது எனக்குக் கேட்கவே இல்லை, ஏனென்றால் வாசிக்கிற நேரம் காது முழுக்க விரலுக்குள் இருந்தது. ஒரு மாதம் எஃப்பை மட்டும், தோளைக் கீழே விட்டு, மெதுவாகப் பிடித்துப் பழகினேன். தயக்கம் போய்விட்டது. கழுத்தும் முன்னைக்கு இப்போது சுகம். அந்த வீடியோவை நான் அன்றே அழித்திருந்தால்?

முகம் வேண்டாம் என்றால் வேண்டாம், யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஊரில் ஒரு பெண் வாசித்த வீடியோ வெளியில் போனால், பாட்டை விட்டுவிட்டு மற்றதெல்லாம் கதைப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் கையை மட்டும் கிட்டத்தில் எடுக்காதீர்கள். நாடியிலிருந்து மடி வரை படத்துக்குள் வரட்டும். தோளும் முழங்கையும் தெரியாத வீடியோ உங்களுக்குப் பாதிதான் உதவும். செல்ஃபி கமரா வேண்டாம், பின் கமராவில் எடுங்கள். சில போன்கள் செல்ஃபியைக் கண்ணாடி மாதிரித் திருப்பிச் சேமித்து உங்களை இடக்கைக்காரி ஆக்கிவிடும்.

அழிப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

எனக்குக் கிற்றார் பழக்கினவர் என் சித்தப்பா. கோயில் திருவிழாக்களில் இன்னிசைக் கோஷ்டிகள் ஓடித் திரிந்த காலத்தில் கிற்றார் வாசித்தவர். 1984 இல், வீட்டு ரேடியோ கசெற்றில், தான் வாசித்ததை ஒரு பக்கம் பதிந்து வைத்தார். கொஞ்ச வருடத்தில் அவர் இறந்துபோனார். 1990 க்குப் பிறகு யுத்தத்தால் எங்களுக்குக் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு, ஒருவர் மிதிக்க, டைனமோவில் ரேடியோவை ஓடவிட்டுக் கேட்போம். சித்தப்பாவின் கசெற்றையும் அப்படித்தான் கேட்டோம். மிதிக்கிறவர் களைத்தால் கிற்றாரும் இழுபட்டு, சுருதி இறங்கி, பிறகு அவர் எழும்பி மிதிக்கத் திரும்ப ஏறும். அந்தக் கசெற்றில் ஓர் இடத்தில் சித்தப்பா பிழை விடுவார். "சீ" என்பார். ஒரு மூச்சு. பிறகு முதலில் இருந்து தொடங்குவார். அப்பம்மா அந்த இடம் வரும்வரை பேசாமல் இருப்பா. "சீ" கேட்டதும், "அதைத் திருப்பிப் போடு பிள்ளை" என்பா. நல்லாக வாசித்த பாட்டு எதையும் அவ திருப்பிக் கேட்டதில்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தம் கிட்ட வர, எல்லாரையும் போல நாங்களும் வீட்டை விட்டுக் கிழக்கே தென்மராட்சிக்கு வெளிக்கிட்டோம். கசெற்றை எடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அதன் நாடா வேலிக் கிளுவையில் சுற்றிக் கிடந்தது. வெயிலில் வெளுத்துப்போயிருந்தது.

அதனால் அந்த அழிக்கிற பொத்தானை விடுங்கள். எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒன்று போதும். பிழையோடு, மகள் கூப்பிட்ட சத்தத்தோடு, வெட்டாமல் வையுங்கள். கோப்பின் பெயராகத் திகதியையும் பாட்டின் பெயரையும் போடுங்கள். ஒன்று போனில், ஒன்று வேறு எங்காவது.

இந்தக் கிழமை எடுப்பதில் எஃப் வருகிற பகுதி ஏதாவது இருந்தால், அந்த அரை நிமிடத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள். முகம் வேண்டாம். தோளைத்தான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா