எங்கேயோ படித்த மாதிரி இருக்கே

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எனக்கு 28 வயது. பி.காம். முடித்துவிட்டு ஒரு குடோனில் பில்லிங் பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்குப் போனால் வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு இன்னும் 75 நாள்தான் இருக்கிறது. ஏற்கெனவே இரண்டு முறை எழுதி, படிக்க நேரம் போதாமல் கட்-ஆஃப் பக்கத்தில்கூடப் போகவில்லை. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் படிக்கலாமா? எந்த கோச்சிங் சென்டர், எந்த கைடு நல்லது? டெலிகிராமில் பதினோரு குழுக்களில் இருக்கிறேன், நானூறு பிடிஎஃப் வரை சேர்த்து வைத்திருக்கிறேன். கணக்கு எனக்கு வராது, அதை விட்டுவிட்டு மற்றதில் கவனம் செலுத்தலாமா? பள்ளிப் புத்தகங்களை மூன்று முறை ரிவிஷன் முடிக்கிற மாதிரி ஒரு டைம்டேபிள் போட்டு இணைத்திருக்கிறேன். இந்த முறை விண்ணப்பித்திருப்பதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. 75 நாள் போதுமா அக்கா?

எஸ்.

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு வாரமாக என் அண்ணன் மகள் பிளஸ் டூ திருப்புதல் தேர்வுக்குப் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புத்தகத்தில் மஞ்சள் பூசாத வரி இல்லை. ஒரே பாடத்தை மூன்றாவது தடவையாக வாசித்துவிட்டு "முடிச்சிட்டேன் அத்தை" என்கிறாள். புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டால், கண் மேலே போகிறது. "இப்பத்தான் பார்த்தேன், அந்தப் பக்கத்துல கீழே இருந்துச்சு" என்கிறாள். வரி இருந்த இடம் நினைவிருக்கிறது. வரி நினைவில்லை. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது, "மூன்று ரிவிஷன்" என்ற டைம்டேபிளோடு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலையை விடாதீர்கள். சம்பளம் நின்றுபோன வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் மனசு அதில் நிற்காது. கோச்சிங் சென்டர் பெயரெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வ பயிலும் வட்டம் என்று இருக்கிறது, வகுப்பு இலவசம், உங்கள் நேரத்துக்கு ஒத்துவருமா என்று போய் விசாரியுங்கள். 75 நாள் போதுமா என்றால், 2025 குரூப் 4-க்கு அறிவிப்பு வந்தது ஏப்ரல் 25, தேர்வு ஜூலை 12. நடுவில் 78 நாள். 3,935 இடங்களுக்குக் கிட்டத்தட்ட 14 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள், ஒரு இடத்துக்கு 350 பேர். அந்த 78 நாள் அத்தனை பேருக்கும் ஒன்றுதான்.

கணக்கு விஷயத்தில் மட்டும் உங்களைத் திட்ட வேண்டியிருக்கிறது. 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண், ஆக 37.5 மதிப்பெண். அதைத் தொடாமலே விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். சதவீதம், மீ.பொ.வ., மீ.பொ.ம., தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பளவு, கன அளவு, வேலையும் நேரமும் என்று எல்லாமே பத்தாம் வகுப்புத் தரம்தான். தினமும் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டு பில் அடிக்கிற கை உங்களுடையது. உங்களுக்கா சதவீதம் வராது? கணக்கு வராது என்று எப்போதோ யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள். இதில் ஒரு வசதியும் உண்டு. பொது அறிவில் எந்த மூலையிலிருந்து கேட்பார்கள் என்று சொல்ல முடியாது, கணக்கில் பழைய வினாத்தாள்களைப் பார்த்தால் அதே வகைக் கணக்கு எண்ணை மாற்றிக்கொண்டு வருவது தெரியும். தினம் ஐந்து கணக்கு, பேனா பிடித்து, விடையைப் பார்க்காமல் போடுங்கள்.

சரி, அந்த டைம்டேபிளுக்கு வருகிறேன்.

காலை நாலு மணியிலிருந்து ஏழரை, இரவு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு. நாலு மணி நேரம்தான் தூக்கம். படித்தது நினைவில் உறையத் தூக்கம் வேண்டும் தம்பி, அதை வெட்டி எடுத்துப் படிப்பில் போட்டால் இரண்டும் போகும். ஆனால் என் கோபம் அதில் இல்லை. ஏழு கலரில் போட்ட அந்த அட்டவணையை மேலிருந்து கீழ் வரை தேடிப்பார்த்தேன். "வாசிப்பு", "ரிவிஷன்", "வீடியோ", மறுபடி "ரிவிஷன்". புத்தகத்தை மூடிவிட்டு, என்ன படித்தோம் என்று சொல்லிப் பார்க்க, எழுதிப் பார்க்க, 75 நாளில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை நீங்கள். இரண்டு முறை தோற்றதற்கு நேரம் போதாததைக் காரணமாகச் சொல்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஏனென்றால் எனக்கு நேரம் நிறைய இருந்தது.

படிப்பை முடித்துவிட்டு நானும் இதே தேர்வுக்கு உட்கார்ந்தவள்தான். மாவட்ட மைய நூலகத்தில் காலை எட்டு மணிக்குப் போனால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். அதே மேஜையில், எதிர் நாற்காலியில் ஒரு அக்கா வருவார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஜவுளிக்கடையில் புடவை செக்ஷன். நூலகம் திறந்ததும் உள்ளே வருவார், ஒன்பதே காலுக்குக் கடைக்குக் கிளம்பிவிடுவார். அதற்குப் பிறகு இரவு வரை நின்றுகொண்டே வேலை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டதே 2021-இல்தான். இது அதற்கு எத்தனையோ வருடம் முந்தைய கதை. அவருக்குக் கிடைத்தது அந்த ஒன்றேகால் மணி நேரம் மட்டும்.

அவர் கைப்பையில் தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள் ஒரு கட்டு இருக்கும், ரப்பர் பேண்டு போட்டு. இருபது நிமிடம் படிப்பார். அப்புறம் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு தாளை எடுத்து அதன் பின்பக்கத்தில் நினைவிலிருந்து எழுதுவார். பாதியில் பேனா நிற்கும். ஜன்னலைப் பார்ப்பார், உதட்டைக் கடிப்பார், ஆனால் புத்தகத்தைத் திருப்ப மாட்டார். முடிந்த மட்டும் எழுதிய பிறகுதான் திறப்பார். விட்டுப்போனதை, தப்பாக எழுதியதைச் சிவப்புப் பேனாவால் அதே தாளில் குறிப்பார். பஸ்ஸில் போகும்போது அந்தச் சிவப்பை மட்டும் பார்ப்பார். மறுநாள் வந்ததும் முதல் வேலை, நேற்றைய பாடத்தை இன்னொரு தாளில் பார்க்காமல் எழுதுவது. அதற்குப் பிறகுதான் புதுப் பாடம்.

எனக்கு அது வீணாகத் தெரிந்தது. அவர் ஒரு பாடம் முடிப்பதற்குள் நான் மூன்று முடித்துவிடுவேன். ஒருநாள் "வினைத்தொகைக்கு ஒரு உதாரணம் சொல்லு" என்றார். தொகைநிலைத் தொடர்கள் பகுதியை ஆறு தடவை வாசித்தவள் நான், ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டிருந்தேன். "செந்தாமரை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து எழுதினார்: ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். கீழே: ஊறுகாய். "மூணு காலமும் இதுக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கு பாரு, அதான் வினைத்தொகை. செந்தாமரையில காலம் எங்க இருக்கு? செம்மையான தாமரை, அது பண்புத்தொகை. எனக்கும் நேத்து இதேதான் தப்பாச்சு" என்று முந்தைய நாள் தாளைக் காட்டினார். அங்கே செந்தாமரையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்திருந்தோம். அவருக்கு அது முந்தைய நாளே தெரிந்துவிட்டது. அவர் கேட்காமல் இருந்திருந்தால் எனக்குத் தேர்வு அறையில்தான் தெரிந்திருக்கும்.

அப்போதாவது நான் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. எழுதிப் பார்த்தால் எவ்வளவு தெரியாது என்பது முகத்துக்கு நேரே வந்து நிற்கும், அந்தப் பயம். வாசித்துக்கொண்டே போனால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், மனசுக்கு இதமாக இருக்கும். தேர்வு அறையில் அதற்கு விலை கொடுத்தேன். கேள்வியைப் பார்த்தால் எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறது. நாலு விடைகளையும் பார்த்தால் நாலுமே எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறது. 180 நிமிடத்தில் 200 கேள்வி, ஒன்றுக்கு 54 விநாடி. கல்யாண வீட்டில் எதிரே வந்து சிரிப்பவரின் முகம் தெரிந்து பெயர் வராமல் தவிப்போமே, அந்தத் தவிப்பு நூறு தடவை. நான் தேறவில்லை. அந்த அக்கா இளநிலை உதவியாளராக வேலைக்குப் போனார்.

பல வருடம் கழித்துத்தான் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள் என்று படித்தேன். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் 2006-இல் வெளியிட்ட ஆய்வு. கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஒரு பகுதியை நான்கு சுற்று வாசித்தது. இன்னொரு குழு ஒரே ஒரு சுற்று வாசித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள், 83 சதவீதம். எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களிடம் 40 சதவீதம்தான் மிச்சம், எழுதியவர்களிடம் 61. என்னை உலுக்கியது இன்னொன்று. ஒரு வாரத்துக்குப் பிறகு எவ்வளவு நினைவிருக்கும் என்று முதலிலேயே கேட்டிருக்கிறார்கள். அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள், வாசித்துக்கொண்டே இருந்தவர்கள்தான். நூலகத்தில் நான் இருந்த நிலை அதுதான். உங்கள் டைம்டேபிளும் அதைத்தான் சொல்கிறது.

அதனால் அந்த "ரிவிஷன்" கட்டங்கள் மூன்றையும் அடித்துவிடுங்கள். காலையில் ஒன்றரை மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் போதும். ஆறு மணி நேரமாவது தூங்குங்கள். படிக்கும் நேரத்தில் பாதி புத்தகம் மூடியிருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய வினாத்தாள், மூன்று மணி நேரம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே விடைக்குறிப்போடு கிடைக்கும். எழுதி முடித்ததும் தப்பு எது, குருட்டாம்போக்கில் சரியானது எது என்று இரண்டையும் குறியுங்கள். இரண்டாவது வகையை எல்லோரும் விட்டுவிடுவார்கள். தமிழில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் பொது அறிவுப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் 60-ஐக் குறிவைத்துத் தமிழ் படிக்காதீர்கள், மதிப்பெண் அள்ள வேண்டிய இடமே அதுதான்.

எந்த கைடு என்று கேட்டிருந்தீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அரசுப் பாடநூல்கள். டெலிகிராம் குழுக்களிலிருந்து இன்றே வெளியே வாருங்கள். அந்த நானூறு பிடிஎஃபில் எத்தனையைத் திறந்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

கடிதத்தின் கடைசியில் இருந்த அந்த ஒரு வரியை மட்டும் நான் பலமுறை படித்தேன். வீட்டில் சொல்லவில்லை என்பது. இரண்டு முறை ரிசல்ட் வந்த அன்று எல்லோர் முகத்தையும் பார்த்தவருக்கு மூன்றாவது முறை சொல்ல நா எழாது, எனக்குத் தெரியும். ஆனால் ஒளித்து வைத்துப் படிக்கிறவருக்குப் புத்தகத்தின் பாரத்தோடு அந்தப் பாரமும் சேர்ந்துகொள்கிறது. உங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். காலையில் தாள் கிழிப்பது பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருக்கும். தூக்கிப் போடாமல் எனக்குக் கொடு அம்மா, 75 தாள் வேண்டும் என்று கேளுங்கள். எதற்கு என்று கேட்பார். அப்போது சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா