ஜஸ்டின் லாங்கரைத் திரையில் பார்த்த ரசிகர்கள் ஏன் இரண்டாகப் பிரிந்தார்கள்?

2020-இல் அமேசான் பிரைமில் வந்த 'தி டெஸ்ட்' ஆவணத்தொடரைத்தான் கேட்கிறீர்கள். 2018-இல் கேப்டவுனில் ஆஸ்திரேலிய வீரர்கள் பந்தைச் சேதப்படுத்தி மாட்டிக்கொண்ட விவகாரத்துக்குப் பிறகு, அந்த கிரிக்கெட் அணியை லாங்கர் பயிற்சியாளராகக் கையிலெடுத்த கதை.

2019-இல் இங்கிலாந்துக்கு எதிரான ஆஷஸ் தொடரின் ஹெடிங்லி டெஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி விக்கெட்டுக்கு பந்துவீச்சாளர் லீச்சை வைத்துக்கொண்டே இங்கிலாந்தின் ஸ்டோக்ஸ் ஆட்டத்தைப் பறித்துவிட்டார். லாங்கர் குப்பைத்தொட்டியை எட்டி உதைக்கிறார்; அப்புறம் குனிந்து, சிதறிய குப்பையைத் தானே பொறுக்குகிறார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனதே அந்த இடத்தில்தான். பிறகு, தோற்ற அதே ஆட்டத்தை வீரர்களை உட்காரவைத்துத் திரும்பப் போட்டுக் காட்டுகிறார். சிலருக்கு இது துணிச்சல். சிலருக்கு வெந்த புண்ணில் வேல். அடுத்த டெஸ்டில் வென்று ஆஷஸைத் தக்கவைத்ததால் முதல் கட்சிக்குப் பலம் கூடியது.

ஆனால் அணியின் பேட்ஸ்மேன் உஸ்மான் கவாஜா, பையன்கள் உங்களைக் கண்டு மிரள்கிறார்கள் என்று லாங்கரின் முகத்துக்கு நேரே சொல்லும் காட்சியும் இருக்கிறது. கவாஜா மேல் மதிப்பு கூடியது அங்கேதான். 2022 பிப்ரவரியில் லாங்கர் பயிற்சியாளர் பதவியிலிருந்து விலகியபோது, பலருக்கும் நினைவுக்கு வந்ததும் அந்தக் காட்சிதான்.